லிண்டோ சொன்னது நம்பத்தக்கதல்ல

சுயம்புவின் கணக்குப்படி பெரிய நாட்டின் பட்டாளம் போன ஓணத்துக்கே முழுதாகத் தீர்ந்துவிட்டது. விஜயதாஸின் கணக்குப்படி சின்ன நாட்டில் துப்பாக்கி பிடிக்கும் வயதில் ஆண்களே இல்லை. ஆனாலும் பனி பெய்யும் அந்த இரண்டு நாடுகளும் விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஆளே இல்லாமல் யார் சுடுகிறார்கள் என்று சஜுவின் சாயாக்கடையில் யாரும் கேட்பதில்லை. கேட்பவன் எந்தக் கட்சி என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, காஞ்சிரங்குளத்துக்கும் பூவாருக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கடை. உலகக் கோப்பை வந்தால் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஆளுயரத்துக்கு பிளக்ஸ் வைக்கிற ஊர். வைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? யுத்தம் தொடங்கிய மாதத்திலேயே சாலைக்கு இந்தப் பக்கம் பெரிய நாட்டுக்கு ஒரு பிளக்ஸும், அந்தப் பக்கம் சின்ன நாட்டுக்கு ஒரு பிளக்ஸும் நின்றன. மழையில் இரண்டும் வெளுத்துவிட்டன. கட்சிகள் வெளுக்கவில்லை.

பெரிய கட்சியின் தலைவர் விஜயதாஸ். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். வேலை கம்பளிக் கிடங்கில். எந்தப் படையைப் பற்றிப் பேச்சு வந்தாலும், “அங்க கம்பளி எத்தற போவுதுண்ணு சொல்லு, ஆளு எத்தறண்ணு நான் சொல்லுதேன்” என்பார். சின்ன கட்சிக்குத் தலைவர் சுயம்பு. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் ஆறு யூடியூப் சேனல்கள் பார்த்து, ஆறிலும் சொல்லும் சாவு எண்ணிக்கையைக் கூட்டிவிடுவார். ஒரே சாவை ஆறு பேர் சொல்லியிருக்கலாமே என்று சஜு ஒருநாள் கேட்டான். அன்று அவனுடைய சாயாவில் சீனி குறைவு என்று சுயம்பு எல்லோரிடமும் சொன்னார்.

இவர்களிடம்தான் பெர்த்தா வந்து நின்றாள்.

பெர்த்தா பூவார் கரையில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் வைத்துத் தலையில் சுமந்து, இந்த ஊர் வீடுகளில் விற்பவள். கணவன் ஜோக்கிம் கடலுக்குப் போகிறவன். ஒரே மகன் லிண்டோ. பாறசாலையில் ஒரு ஏஜென்ட், வெளிநாட்டில் ஓட்டல் சமையலறையில் வேலை என்று சொல்லி அவனை விமானம் ஏற்றினான். இறங்கிய இடத்தில் சமையலறை இல்லை. புரியாத மொழியில் ஒரு காகிதத்தை நீட்டி, கையெழுத்து இடத்தில் ஒப்பு போடச் சொன்னார்கள். போட்டதும் பெரிய நாட்டின் பட்டாள உடுப்பைக் கொடுத்தார்கள். இப்போது காலில் குண்டுச் சில்லு பட்டு, முன்வரிசைக்குப் பின்னால் ஒரு நிலவறையில் படுத்திருக்கிறான். புண் ஆறினால் திரும்ப முன்வரிசைக்குக் கொண்டுபோவார்கள்.

ஊரில் எல்லாத் தாய்களும் பிள்ளையின் புண் ஆற வேண்டும் என்று நேர்ச்சை வைப்பார்கள். பெர்த்தா ஆறக்கூடாது என்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். வேண்டிக்கொண்ட பிறகு அது பாவமா என்று அருட்தந்தையிடம் கேட்கவும் பயந்தாள்.

அவள் நெய்யாற்றின்கரையில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த செயலாளர் பதமாகச் சொன்னார்: “வார்டு கமிட்டி கூடி, எல்லாக் கட்சியும் ஏகமனதாட்டு ஒரு தீர்மானம் போட்டுக் குடுங்க. அது இருந்தா உடனே டெல்லிக்கு அனுப்பலாம். ஒரு கட்சி மட்டும் கேட்டா அங்க எடுக்க மாட்டாவ.”

ஏகமனது என்ற சொல்லைக் கேட்டதும் வார்டு மெம்பர் ஸ்ரீகுமாரிக்குத் தலை சுற்றியது. அந்த வார்டில் தெருவிளக்கு எந்தத் தூணில் என்பதே நான்கு வருடமாக முடிவாகவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகசாலையில் கூட்டம் என்று அறிவித்தாள்.

எல்லோரும் வந்தார்கள். பெர்த்தா முன் பெஞ்சில், போனை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஸ்ரீகுமாரி எழுதி வைத்திருந்ததை வாசித்தாள்.

“நமது வார்டைச் சேர்ந்த லிண்டோ, வேலைக்கென்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டு, போர்முனையில்...”

“நிறுத்து மெம்பரே” என்று விஜயதாஸ் எழுந்தார். “போர்முனையிலண்ணு நீ எப்படி எழுதலாம்? பெரிய நாட்டுக்குப் பதினஞ்சு லட்சம் பட்டாளம் உண்டு. அது போவ ரிசர்வ்ல இருவது லட்சம். அவனுக்கு என்னத்துக்கு நம்ம லிண்டோ? பந்து விளையாடச் சொன்னா கோல் போஸ்ட்ல சாஞ்சு நிண்ணு பீடி வலிச்ச பயலாக்கும் அவன்.”

“ஆளு தீந்து போச்சு ஓய், அதுகொண்டு தான்” என்று சுயம்பு அடுத்த வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். “லிண்டோ வரைக்கும் வந்திருக்காண்ணா பாத்துக்கிடும், அடி மட்டம் வழிச்சாச்சு. மெம்பரே, இப்படி எழுது: ‘பன்னிரண்டு லட்சம் பேரைப் பறிகொடுத்து, ஆள் பற்றாத நிலையில், பெரிய நாடு நமது லிண்டோவை...’”

“பன்னிரண்டு லட்சமா! உனக்க சங்கத்துல நகைக்கடன் கணக்கு எழுதின மாதிரி எழுதுதியாலே?”

“நீரு கம்பளி எண்ணின மாதிரி எண்ணாதியும். செத்தவனுக்குக் கம்பளி வேண்டாம்” என்று திருப்பிக் கொடுத்தார் சுயம்பு.

“நம்பர் இல்லேண்ணா எங்க ஆளுக ஒப்பு போட மாட்டாவ” என்றும் சொன்னார்.

“நம்பர் உண்டுமுண்ணா எங்க ஆளுக போட மாட்டாவ” என்றார் விஜயதாஸ்.

ஸ்ரீகுமாரி கெட்டிக்காரி. எண்ணை விட்டுவிட்டுப் ‘பலர்’ என்று போடலாம் என்றாள். பலர் என்றால் ஒரு பஸ் கவிழ்ந்தாலும் பலர்தான், மிகப் பலர் என்று இருக்க வேண்டும் என்று சுயம்பு வாதாடினார். சிலர் என்பதற்கு மேல் ஒரு அடி நகர முடியாது என்றார் விஜயதாஸ். அரை மணி நேரம் பேசி, ‘சிலர் முதல் பலர் வரை’ என்று ஒரு சொற்றொடர் உருவானது. அதை வாசித்துப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் வந்ததால் அடித்துவிட்டார்கள்.

பெர்த்தா பொறுத்துப் பார்த்தாள். “சாரே, அங்க எத்தற பேருண்ணு எனக்கெதுக்கு? எனக்க பிள்ளைக்குக் காலுல சில்லு பட்டிருக்கு. அத எழுதுங்க.”

சுயம்புவின் முகம் மலர்ந்தது. “காயமா? அப்போ இழப்புக் கணக்குல ஒண்ணு ஏறும். செத்தவனையும் காயம் பட்டவனையும் சேத்துத்தான் எண்ணணும். எழுது மெம்பரே, எழுது!”

“எழுதாத! பயல் நடக்கானா? கேளு. நடந்தா அது காயம் இல்ல. பட்டாளத்துல அதுக்கு மருந்துதான் குடுப்பாவ, கணக்குல எழுத மாட்டாவ.”

“நொண்டி நொண்டி நடக்கான்” என்றாள் பெர்த்தா.

“அரைக் காயம்ணு வச்சுக்கிடலாம்” என்று யாரோ பின்னாலிருந்து சமரசம் சொன்னார்.

கடைசியில் விஜயதாஸ் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். ‘போர்முனையில் இருப்பதாகக் கூறப்படும் லிண்டோ’ என்று எழுதினால் தமது கட்சிக்குச் சம்மதம். கூறப்படுவதை யார் வேண்டுமானாலும் கூறலாம். பெரிய நாட்டின் மானம் அதனால் போகாது.

பெர்த்தா எழுந்துவிட்டாள். “கூறப்படுமா? எனக்க பிள்ளையக் கூறப்படும்ணு எழுதுவியளா? பெத்தது நானாக்கும். கூறிப் பெறல்ல.”

வாசகசாலையில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் லிண்டோவின் முகம். தாடி வளர்ந்து, பின்னால் ஈரச் சுவர்.

“அம்மா, இஞ்ச சிக்னல் கொஞ்சம்தான் நிக்கும். கேளு...”

பெர்த்தா வாய் திறப்பதற்குள் போன் விஜயதாஸின் கைக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. கூட்டம் முழுதும் அவரைச் சுற்றி நெருங்கியது.

“எலே லிண்டோ, நான் விஜயதாஸாக்கும். உங்க டிவிஷனுக்க பலம் எத்தற? சும்மா சொல்லுலே, இஞ்ச எல்லாம் நம்ம ஆளுக.”

“டிவிஷனா? தெரியாது சாரே. எங்களுக்க குழியில பதினொண்ணு பேரு இருந்தோம். இப்ப நாலு.”

“நூத்துக்கு அறுவத்தி மூணு!” என்று சுயம்பு கூவினார். “பதினஞ்சு லட்சத்துக்கு அறுவத்தி மூணு வீதம்ணா எத்தறண்ணு ஆராவது போட்டுப் பாருங்க!”

“அந்த ஏழு பேரும் லீவுக்குப் போயிருக்கும்” என்றார் விஜயதாஸ். “எலே, சாப்பாடு, கம்பளி எல்லாம் நேரத்துக்கு வருதுல்லா?”

“சாப்பாடு கொண்டு வாற ஆளு ரெண்டு நாளாட்டு வரல்ல சாரே. கம்பளி மூணு பேருக்கு ஒண்ணு.”

விஜயதாஸின் முகம் கறுத்தது. சுயம்பு அந்த நேரம் பார்த்து போனைப் பறித்தார். “மக்கா, நான் சுயம்பு மாமன். உள்ளதச் சொல்லு. அங்க ஆளு தீந்து போச்சுல்லா?”

“இல்ல மாமா. நேத்து ரெண்டு வண்டி நெறய புதுசா ஆளு வந்திருக்கு. எல்லாம் என்னப்போல தான்.”

“வண்டியா? காலி வண்டியாட்டு இருக்கும். செரி, எதிர்ப்பக்கத்துல எத்தற பேரு செத்தாவ? நீ கண்ணால கண்டது சொல்லு.”

“எதிர்ப்பக்கத்த நான் கண்டதே இல்ல மாமா. மேல வாற டிரோனைத்தான் கண்டேன். அது ஆருக்கதுண்ணு கேட்டுட்டா குழியில குதிச்சுச் சாட முடியும்? போனை அம்மைட்ட குடுங்க, எனக்க காலு...”

படம் உறைந்தது. பிறகு திரை கறுத்தது.

சுயம்பு போனைத் தட்டிப் பார்த்து, துண்டால் துடைத்து, பெர்த்தாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

“காலு ஆறிச்சாண்ணு ஆராவது கேட்டியளா?” என்றாள்.

யாருக்கும் காதில் விழவில்லை. விஜயதாஸ் அப்போது மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கு ஒரு கம்பளி என்பது பச்சைப் பொய், எந்தக் கிடங்கிலும் அப்படி ஒரு வழக்கம் இல்லை, பயலை யாரோ பயமுறுத்திச் சொல்லவைக்கிறார்கள் என்றார். ரெண்டு வண்டி ஆள் என்பதும் பொய்தான் என்று சுயம்பு சொன்னார். நாலு பேரைப் பார்த்தவனுக்கு நாற்பது பேர் போலத் தோன்றும், பனியில் கண் அப்படித்தான் காட்டும் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார்.

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் விஜயதாஸ்.

“குழிக்குள்ள கெடக்கவனுக்கு யுத்தம் எப்படித் தெரியும்?” என்றார் சுயம்பு.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யுத்தம் தொடங்கியதிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. சஜு பின்னால் நின்று கை தட்டிவிட்டான். அவன் பரிகாசமாகத்தான் தட்டினான். மற்றவர்கள் உண்மையாகவே தட்டினார்கள்.

ஸ்ரீகுமாரி தலை குனிந்து வேகமாக எழுதினாள். பிறகு எழுந்து, “அப்போ இதுல ரெண்டு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம். தீர்மானமாட்டே போட்டுருவோம்” என்று மலையாளத்தில் எழுதியதை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:

“நமது வார்டைச் சேர்ந்த ஜோக்கிம், பெர்த்தா தம்பதியரின் மகனும், ஓட்டல் வேலைக்கென்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டுப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டவரும், தற்போது காலில் காயத்துடன் போர்முனைக்கு அருகே நிலவறையில் இருப்பவருமான லிண்டோ, இன்று அங்கிருந்து நேரலையில் இக்கூட்டத்தினரிடம் தெரிவித்த கணக்குகள் நம்பத்தக்கவை அல்ல என்று இக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.”

விஜயதாஸ் கண்ணாடியை மாட்டி இரண்டு முறை வாசித்தார். “‘கணக்குகள் எவையும்’ணு போடு. அப்பதான் பலம்” என்றார். ‘எவையும்’ சேர்ந்தது. சுயம்பு ‘சிறிதும்’ கேட்டார். அதுவும் சேர்ந்தது. பெரிய கட்சி முதலில் ஒப்பு போட்டால் தாளில் மேல் இடம் அவர்களுக்குப் போய்விடுமே என்று சின்ன கட்சி முண்டியடித்தது. கடைசியில் ஒருவர் கூடப் பாக்கியில்லாமல் போட்டார்கள்.

பெர்த்தா மட்டும் வெளியே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “எனக்க பிள்ளையப் பொய்யன் ஆக்கிட்டியளே மெம்பரே. நீயும் கூடச் சேந்து எழுதினியே!”

ஸ்ரீகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து தாளைக் காட்டினாள். “அம்மச்சீ, அழாம கேளு. அவன் நம்ம வார்டுண்ணு எழுதியிருக்கு. ஏமாத்திக் கொண்டுபோனதும் இருக்கு. காலு, நிலவறை எல்லாம் இருக்கு. கண்ணால பாத்தோம்ணு ரெண்டு கட்சியும் ஒப்பு போட்டாச்சு. கூறப்படும்ணு ஒரு எழுத்து இதுல உண்டா, பாரு.”

பெர்த்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கி, உள்ளே எங்காவது அந்தச் சொல் ஒளிந்திருக்கிறதா என்பதுபோல உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கை துடைத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். “நாளைக்குக் காலத்த முதல் பஸ்சுக்கே போவலாம்” என்றாள்.

நெய்யாற்றின்கரையில் செயலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவன் சொன்னது பொய்யுண்ணுல்லா இதுல கெடக்கு?”

“ஏகமனதாட்டு வேணும்ணு சார்தானே கேட்டது?” என்றாள் ஸ்ரீகுமாரி. “எங்க வார்டுல இது கெடச்சதே அதிசயம். முதல் அஞ்சு வரியில அடிக்கோடு போட்டிருக்கேன். டெல்லியில அதுக்கு மேல வாசிக்க மாட்டாவ.”

டெல்லியில் என்ன வாசித்தார்களோ, காகிதம் நகர்ந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் லிண்டோ கூப்பிட்டான். இந்த முறை பெர்த்தா போனை எடுத்துக்கொண்டு யாரும் இல்லாத பக்கமாக, கரையில் கயிற்று வலைகளுக்கு நடுவே போய் நின்றாள். தூதரகத்து ஆட்கள் வந்து அழைத்துப்போய்விட்டார்கள் என்றான். வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்குவேன் என்றான். புண் இன்னும் ஆறவில்லை.

“ஆறும் மக்கா, இஞ்ச வந்தா ஆறும்” என்றாள்.

ஸ்ரீகுமாரி ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள். பயல் வந்து இறங்கும்வரை ஊரில் மூச்சு விடக்கூடாது. தெரிந்தால், அந்தப் படையில் ஒரு ஆள் குறைவது கூட்டலா கழித்தலா என்று இன்னொரு கூட்டம் போடுவார்கள். தீர்மானத்தைத் திருத்த வேண்டும் என்பார்கள்.

மறுநாள் காலை பெர்த்தா சருவத்தோடு விஜயதாஸின் வாசலுக்கு வந்தாள். சுயம்புவும் அங்கே இருந்தார். பனிக்காலத்து இழப்பைப் பற்றி இரண்டு பேரும் தொண்டை வறள வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“பெர்த்தா, பயலுக்க வெவரம் ஒண்ணும் உண்டா?” என்றார் விஜயதாஸ்.

“நேத்து விளிச்சான் சாரே.”

இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். “என்ன சொன்னான்?”

பெர்த்தா சருவத்தை இறக்கி, மேலே மூடியிருந்த வாழையிலையை விலக்கினாள்.

“அவன் சொல்லுதது எதையும் நம்பப்படாதுண்ணு நீங்கல்லா ஒப்பு போட்டிய? பின்ன நான் சொல்லி உங்களுக்கு எதுக்கு?” என்றாள். “அயலை நல்ல அயலையாக்கும். சீக்கிரம் சொல்லுங்க, எனக்குப் போணும். வியாழக்கிழமைக்கு ஒரு ஜீப்பு பேசணும்.”

“ஜீப்பா? எங்க போறதுக்கு?” என்றார் சுயம்பு.

“சொன்னாலும் நம்ப மாட்டிய” என்றாள் பெர்த்தா.