நான்கு டயர், ஒரு தோள்

டயர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருப்பவள் நான். தாராசுரத்தில் பத்தொன்பது வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு என் பெயர்தான், ஜெயா டயர்ஸ். "ஓனரைக் கூப்பிடும்மா" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

குறுவை அறுவடை முடியும் நேரம். ஒருநாள் காலையில் மதுரம் டீச்சர் தன் பழைய அம்பாசடரை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். 1963ஆம் வருடத்து வண்டி, டீச்சரின் அப்பா வாங்கியது. டீச்சருக்கு வயது அறுபத்தாறு. நன்னிலம் பக்கத்தில் தலைமையாசிரியையாக இருந்து ரிட்டையர் ஆனவர். பக்கத்து சீட்டில் அவருடைய தம்பி சந்தானகிருஷ்ணன், சென்னையில் வக்கீல். கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வண்டி நின்று இன்ஜின் அணைந்த பிறகும் அவர் கை இறங்கவில்லை.

"என்ன சார், இறங்கலாமே. வண்டி நின்னு நேரமாச்சு" என்றேன்.

டீச்சர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் நன்னிலம் ரோட்டில் பாதி அகலத்துக்கு ஈர நெல்லைக் காயப்போட்டிருந்திருக்கிறார்கள். எதிரே பஸ் வந்ததும் டீச்சர் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியிருக்கிறார். திரும்ப மேலே ஏறும்போது டயர் தாரின் விளிம்பைக் கவ்விக்கொண்டு ஏற மறுத்திருக்கிறது. ஸ்டியரிங்கைப் பலமாக இழுக்கவும் வண்டி ஒரே துள்ளாகத் துள்ளி, நெல்லைக் கிழித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. செய்தி மட்டும் அன்றைக்கே சென்னைக்குப் போய்விட்டது.

"வயசாயிடுத்து, ஒத்துக்கமாட்டேங்கறா" என்றார் தம்பி. "வண்டியை வித்துட்டு எங்களோட வந்து இருன்னா கேக்கறதில்லை."

"மெட்ராஸ்ல எனக்கு என்னடா இருக்கு? உங்க ஆத்து டிவிதான் இருக்கு" என்றார் டீச்சர்.

டீச்சர் தனி ஆள். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் மூன்று கிலோமீட்டர். கார் போனால் டீச்சரும் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான், அது மூன்று பேருக்குமே தெரியும். வழியிலேயே அக்காவும் தம்பியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். நல்ல டயர் போட்டுக்கொண்டு, இங்கிருந்து நன்னிலம் வரை டீச்சரே ஓட்டி, வீட்டு ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டால் தம்பி அப்புறம் வாயைத் திறக்க மாட்டார். முடியாவிட்டால் சாயங்காலம் இருவரும் மயிலாடுதுறையில் ரயில் ஏறுவார்கள். அவர் இரண்டு டிக்கெட் எடுத்தே வைத்திருந்தார்.

நான் குனிந்து டயரைப் பார்த்தேன். நான்கும் நைலான் டயர், பதின்மூன்று வருடப் பழசு. காய்ந்து தேங்காய் ஓடு மாதிரி இருந்தன. போதாக்குறைக்கு யாரோ புண்ணியவான் காற்றை அளவுக்கு மேல் அடித்து வைத்திருந்தான்.

"தப்பு உங்க மேல இல்ல டீச்சர். டயர் மேல. நைலானுக்குப் பக்கச் சுவர் விறைப்பு. தார் விளிம்புல ஒருதரம் மாட்டிச்சுன்னா அதைப் பிடிச்சுக்கிட்டே ஓடும். நாலும் ரேடியல் போடுறேன், அதுக்குப் பக்கச் சுவர் மெத்துன்னு இருக்கும், கவலையே வேண்டாம்."

தம்பி குறுக்கிட்டார். "நாளைக்கு வித்தா, பழைய வண்டி வாங்கறவா நைலான்தான் பார்ப்பா. முன்னாடி ரெண்டும் ரேடியல், பின்னாடி ரெண்டும் நைலான் போட்டா என்ன? எனக்கும் அக்காவுக்கும் பொதுவா இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இது என்ன சார் பாகப்பிரிவினையா, ஆளுக்குப் பாதி எழுத? வளைவுல முன்பக்கம் ரோட்டைப் பிடிச்சுக்கும், பின்பக்கம் வழுக்கிக்கிட்டுப் போகும். வாய்க்கால்ல போய்த்தான் நிக்கும். நாலும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா என் கடையில வேலை இல்ல."

வக்கீல் அடங்கிவிட்டார். என்னிடம் வேலை செய்யும் இராஜாங்கம் நான்கு ரேடியலை மாட்டினார். நானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். தார் விளிம்பில் இறக்கினேன், ஏற்றினேன். வண்டி அலுங்காமல் குலுங்காமல் வந்தது. கடைக்குத் திரும்பி, ஒரு டிராக்டருக்கும் லாரிக்கும் நடுவில் சொருகி நிறுத்திவிட்டு, "எடுங்க டீச்சர்" என்று சாவியைக் கொடுத்தேன். எனக்கு ஒரே பெருமை.

அந்த இடத்திலிருந்து வெளியே வர ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும். டீச்சர் ஒடித்தார். அது அசையவில்லை. மறுபடி முயன்றார். முகம் வெளுத்து, வலது கை தானாக மடியில் விழுந்தது.

"தோள்" என்றார் மெதுவாக. "போன வருஷத்திலேர்ந்து கையைத் தூக்க முடியறதில்லை. பழைய டயர்ல தெரியலை."

"போதும் அக்கா" என்றார் தம்பி. ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையான வருத்தம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவரே சீட்டில் உட்கார்ந்து ஒடித்துப் பார்த்தார். மூன்று தம் பிடித்து, சட்டை நனைந்த பிறகுதான் சக்கரம் திரும்பியது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ரேடியல் தரையில் நன்றாகப் பதிந்து உட்காரும். ஓடும்போது அது சுகம். நிற்கும் வண்டியில் அதுவே பாரம், விறைப்பான நைலான்தான் லேசாகத் திரும்பும். இது எனக்குத் தெரியாததா? என் தோளை வைத்து டீச்சருக்கு டயர் பொறுக்கிவிட்டேன். வண்டி எங்கே ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது கேட்டேன்.

"கடைத்தெரு, கோயில், ஆஸ்பத்திரி. எல்லாம் சந்துதான்" என்றார் டீச்சர். "ஸ்பீடு நாப்பதைத் தாண்டினதே இல்லை."

"இராஜாங்கம் அண்ணே, நாலையும் கழட்டுங்க. உள்ள புது நைலான் இருக்கு, அதை மாட்டுங்க."

இராஜாங்கம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இப்பதானேம்மா மாட்டினேன்?"

"நான் சொன்னது தப்பு. கழட்டுங்க."

பத்தொன்பது வருடத்தில் கடையில் வைத்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஜாக்கியை எடுத்தார்.

புது நைலானுக்குக் காற்றை நானே அளவாகப் பிடித்தேன். டீச்சர் இடது கையாலேயே ஸ்டியரிங்கைத் திருப்பி, டிராக்டருக்கும் லாரிக்கும் நடுவிலிருந்து வெளியே வந்தார்.

"விளிம்புக்கு என்ன பண்ணப் போறேள்?" என்றார் தம்பி. வக்கீல் அல்லவா, விடுவாரா?

"நானும் வர்றேன்" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

போகும் வழியில் சொன்னேன். என் அப்பா செல்லத்துரை கடலுக்குப் போனவர். அலை வந்தால் படகின் மூக்கைத் திருப்பி நேரே வாங்க வேண்டும், பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்த்துவிடும் என்பார். "தார் விளிம்பும் அப்படித்தான் டீச்சர். உரசிக்கிட்டே ஏறாதீங்க. வேகத்தைக் குறைச்சு, சக்கரத்தை நல்லாத் திருப்பி, குறுக்கே ஏறுங்க. இந்த டயர்ல உங்களால திருப்ப முடியும்."

"புரியறது" என்றார் டீச்சர்.

நன்னிலத்துக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது நெல் வந்தது. பாதி ரோட்டுக்குப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். எதிரே ஒரு பஸ், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வந்தது. தம்பி கைப்பிடியைப் பிடித்தார். நான் முன் சீட்டின் முதுகைப் பிடித்தேன். டீச்சர் மண்ணில் இறங்கினார். பஸ் போனது. அவர் அவசரப்படவில்லை. இரண்டாவது கியருக்கு வந்தார், வண்டி ஊர்ந்தது, ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்தார். முன் சக்கரம் 'டொக்'கென்று ஏறியது, பின் சக்கரம் ஏறியது. உடனே நேராக்கினார். ஒரு நெல்மணி சிதறவில்லை.

காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் கையைத் தூக்கி, "டீச்சரா? பாத்துப் போங்க" என்றாள்.

"பாத்துதான் போறேன்" என்றார் டீச்சர். எனக்குக் கண் கலங்கியது.

வீட்டுச் சந்தில் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான். டீச்சர் ரிவர்ஸிலேயே ஷெட்டில் விட்டார். தம்பி இறங்கி, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

சாப்பாடு முடிந்து சாயங்காலம் ஆனது. டாக்சி கூப்பிடத் தம்பி போனைத் தேடினார்.

"ஒரு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுடா. ஏறு, ஸ்டேஷன்ல நானே விடறேன்" என்றார் டீச்சர். "ஜெயாவும் அங்கேயே பஸ் ஏறிப்பா."

மயிலாடுதுறை ஸ்டேஷன் வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, சந்தானகிருஷ்ணன் முன் டயரைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"பொங்கலுக்கு வரேன் அக்கா. ஸ்டேஷனுக்கு வருவியா?"

"வரேன்" என்றார் டீச்சர், வண்டியைக் கியரில் போட்டபடி. "நீ ரயிலை விட்டுடாம வந்து சேரு."