ஒரு மிடறு சைடர்

ரிஷிகேசன் ஆறு பத்துக்கு எழுந்தான். பல் தீட்டினான். கேத்திலில் ஒரு கோப்பைக்கு அளவாகத் தண்ணீர் விட்டான். இரண்டு துண்டு பாணில் பழுப்புச் சீஸ் வைத்து நின்றபடியே சாப்பிட்டான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்தான். சனிக்கிழமை, வேலை இல்லை.

படுக்கையறையில் இருந்த இரும்பு அலுமாரியைத் திறந்து மனைவி சாருகாவின் துவக்கை எடுத்தான். குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான நீளத் துவக்கு. உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்தான். சுடுவதற்கு வேண்டிய பூட்டுப் பகுதியைக் கழற்றித் தனிப் பையில் போட்டான். துவக்கைக் கறுப்பு உறைக்குள் வைத்து மூடினான். அதைக் கொண்டுபோவதற்கான பொலிஸ் அனுமதிக் கடிதத்தை மடித்து மேலங்கிக்குள் வைத்தான்.

அவனும் அவளும் ஒன்றாகத்தான் துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தார்கள், ஒன்றாகத்தான் உரிமம் எடுத்தார்கள். அவனுக்குக் கை நடுங்கும். அவளுக்கு நடுங்காது. அவன் மூன்று மாதத்தில் விட்டுவிட்டான்.

அவள் போய் ஒரு வருடம். துவக்கைக் கழகத்துக்கே கொடுத்துவிடுவதாகத் தலைவி மக்டலீனிடம் சொல்லி, மூன்று முறை நாள் குறித்து, மூன்று முறையும் அவன் போகவில்லை. இன்று இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். செத்தவீட்டில் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் செய்தார்கள். பெட்டியைத் தெரிவுசெய்ததும் சேலையைத் தெரிவுசெய்ததும் சாம்பலை வாங்கி வந்ததும் அவர்கள்தான். அவன் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். இந்த ஒன்றையாவது தன் கையால் கொண்டுபோய், அவள் படுத்துக் குறிபார்க்கும் ஏழாம் தடத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முதல் மோர்டென்ஸ்ருட்டில் சாருகாவின் தாய், மாமி வீட்டுக்குப் போக வேண்டும். ஆட்டைத் திவசம், முதல் வருடத் திதி, புதன்கிழமை ஐயரோடு முடிந்தது. இன்று மச்சப் படையல். மீன் இறைச்சியோடு செத்தவளுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்பது. ரெயினில் துவக்கு உறையை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு இருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நோர்வேயில் நீளப் பையோடு போகிறவனைப் பனிச்சறுக்கப் போகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

கதவைத் திறந்தவர் மாமியின் தம்பி ஜெகதீஸ்வரன். பஸ் ஓட்டுநர். வாய் ஓயாதவர்.

"என்ன தம்பி, நாதஸ்வரமோ?"

"துவக்கு, மாமா."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஆரின்ரை?"

"சாருகான்ரை. படையல் முடியக் கழகத்திலை குடுக்கப் போறன்."

"துவக்குக்குப் பயந்துதான் நாங்கள் இஞ்சை ஓடி வந்தனாங்கள். இவள் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கிறாள்." குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "அக்காவுக்குச் சொல்லாதை. அங்கை மூலைக்குள்ளை வை."

"வைக்கேலாது மாமா. என்ரை கையை விட்டுப் போகக்கூடாது."

அவன் உறையோடு கூடத்துக்குள் போனான். தலைவாழை இலையில் இறால் பொரியல், கணவாய்க் கறி, புட்டு. மாமி மங்களேஸ்வரி கடைசியாக ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐஸ்கட்டி போட்ட சைடர், சாருகா குடிக்கும் அப்பிள் மது. அப்பிள் மணம் வந்தது.

அவன் மாமியைப் பார்த்தான். தாய்க்குத் தெரியக்கூடாது என்று சாருகா வெறும் போத்தல்களை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கழகத்துக் குப்பைத் தொட்டியில் போடுவாள்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சவள்," என்றாள் மாமி. "சனிக்கிழமையிலை போன் எடுத்தால் குரல் ஒரு மாதிரிச் சந்தோசமாயிருக்கும். ஒருநாள் அவளின்ரை சிநேகிதி தர்மிகாவிட்டைக் கேட்டனான், உங்கடை ஆக்கள் என்ன குடிக்கிறவை எண்டு. அவள் பேரை எழுதித் தந்தவள். நேற்றுக் கடையிலை நானே வாங்கினனான். காசு வாங்கிற பெட்டை என்னை ஏற இறங்கப் பார்த்தது."

கர்ப்பூரம் காட்டினார்கள். மாமி குவளையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"முதல் நீங்கள், தம்பி. புருசன் தொட்டால்தான் மற்ற ஆக்கள் சாப்பிடலாம்."

"இறால் எடுக்கிறன், மாமி. இது வேண்டாம்."

"ஏன்?"

அவன் உறையைத் தொட்டுக் காட்டினான். "இதுக்குள்ளை சாருகான்ரை துவக்கு. தோட்டா இல்லை, எண்டாலும் குடிச்சால் இதைக் கொண்டு வெளியிலை போகேலாது, சட்டம்."

ஜெகதீஸ்வரன் தலையில் கைவைத்தார். மாமி உறையை நெடுநேரம் பார்த்தாள். கிட்டப் போகவில்லை.

"அட, ஒரு மிடறு!" என்றார் ஜெகதீஸ்வரன். "ஒரு மிடறிலை ஆருக்கு வெறிக்கும்? இரண்டு மணிக்கிடையிலை போயிடும். ஆர் உன்னை ஊதிப் பார்க்கப் போறான்?"

"அப்ப நீங்கள் ஒரு மிடறு குடியுங்கோவன், மாமா."

"எனக்குப் பின்னேரம் வேலை. நான் தொடமாட்டன்."

"பாத்தீங்களே."

"பஸ்ஸிலை அறுபது சனம் இருக்கு. உன்ரை பையிலை தோட்டாகூட இல்லை!"

மாமி குவளையை நீட்டியபடியே நின்றாள். ஐஸ் கரைந்து குவளையின் வெளிப்பக்கம் வேர்த்தது. "நான் குடிச்சால் போதுமெண்டால் குடிச்சிடுவன்," என்றாள். "நான் குடிச்சு அவளுக்கு என்ன."

அவன் வாங்கிக் குடித்தான். ஒரு மிடறு. இனிப்பாகவும் குளிராகவும் இருந்தது. தலை தெளிவாகவே இருந்தது. நேராக நடக்கலாம், ரெயின் ஏறலாம், ஒருவருக்கும் தெரியவராது. சாருகா என்றால் என்ன செய்திருப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். துவக்கை அலுமாரியில் பூட்டிய பிறகுதான் அவள் போத்தல் திறப்பாள். ஒரு சனிக்கிழமை கழகத்தில் பிறந்தநாள் வைத்தபோது, அங்கேயே துவக்கைப் பூட்டிவிட்டுத்தான் குவளையைத் தொட்டாள். மறுநாள் போய் எடுத்து வந்தாள்.

அவன் மக்டலீனுக்குப் போன் எடுத்தான்.

"குடித்துவிட்டேன்," என்று நோர்வே மொழியில் சொன்னான்.

"எவ்வளவு?"

"ஒரு மிடறு. சைடர்."

"மூன்று மணிக்குக் கழகத்தைப் பூட்டுவேன்," என்றாள். "பிறகு நானே காரில் வந்து எடுக்கிறேன். விலாசத்தை அனுப்பு. அதுவரை அதை விட்டு எழும்பாதே."

"நான் ஏழாம் தடத்தில்..." என்று தொடங்கினான்.

"தெரியும்," என்றாள் மக்டலீன். "இன்றைக்கு முடியாது."

ஜெகதீஸ்வரன் இரண்டு தட்டுப் புட்டுச் சாப்பிட்டார். நேர்மைக்கு நோர்வேயில் விருது கொடுத்தால் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். மாமி இலையை எடுத்தாள், பாத்திரம் கழுவினாள். அவன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். ஒரு வருடமாக அவன் இந்த வீட்டில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததில்லை. வருவான், தேநீர் குடிப்பான், ரெயின் வருகிறது என்று எழும்பிவிடுவான்.

இன்று எழும்ப முடியாது. மணி ஒன்றரை.

மாமி கை துடைத்துக்கொண்டு வந்து எதிரில் இருந்தாள். முதலில் துவக்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உங்களை ஒண்டு கேக்கவேணும், தம்பி. ஒரு வருசமாக் கேக்கேல்லை."

"கேளுங்கோ."

"வேலை இடத்திலை விழுந்தவள், பிறகு கதைக்கேல்லை எண்டு டொக்டர் சொன்னவர். அண்டைக்குக் காலமை வீட்டாலை வெளிக்கிடேக்கை உங்களோடை கதைச்சிருப்பாள்தானே. என்ன சொன்னவள்?"

அவன் நல்லதாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்றாள் எனலாம். மாமி நம்பியிருப்பாள். மக்டலீன் வரும்வரை அந்தப் பொய்யோடு அவள் முன்னால் இருக்க வேண்டும்.

"கதவடியிலை நிண்டு சப்பாத்துப் போட்டவள்," என்றான். "என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கேல்லை."

"என்ன சொன்னவள்?"

"பச்சைக் குப்பைப் பையை இறுக்கிக் கட்டிப் போடுங்கோ, போனமுறை படியெல்லாம் மீன்தண்ணி ஒழுகினது எண்டவள்."