அந்தப் பக்கம் இருக்கும்

1

ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை ஒரு கையேட்டில் கிடைத்தது. ஊழியர் விவரங்களைக் காக்கும் சர்வர்களைப் பற்றிய வறட்டுக் கையேடு. ஒரு சர்வர், தன்னிடம் இல்லாத ஆளைப் பற்றி யாராவது கேட்டால், தூரத்து சர்வரிடம் கேட்டு வாங்கித் தருமாம். அதற்குப் பெயர் இணைப்பு. இது நம் வீடுகளில் நடப்பதாயிற்றே என்று எனக்குத் தோன்றியது.

2

அக்கா தலைமை அலுவலக சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். தம்பி, ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளையினுடையதை. இரண்டு நிறுவனங்கள் ஒன்றானதில் இப்படி மாட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏனென்றால் அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவன்

[காரணம் வேண்டும். சொத்துத் தகராறு? புளித்துப்போனது. யோசிக்க.]

வேலைக்கு மெயில் உண்டு. 'வணக்கம் மேடம், இணைப்புக்குக் கணக்குத் திறந்தாயிற்று.'* 'நன்றி சார்.' மற்றதெல்லாம் அம்மா வழியாகத்தான். "அவன் ஒழுங்கா சாப்பிடறானாம்மா?" "அவளுக்குக் காய்ச்சல் விட்டுச்சாம்மா?"

(* அடுத்தவர் சார்பில் கேட்பதற்கென்றே திறக்கும் கணக்கு. அம்மா வைத்திருந்தது அதைத்தான்.)

3

முதல் பிரதியில் அம்மாவைக் கொன்றுவிட்டேன். மனசு கேட்கவில்லை. தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை, கொஞ்ச நாள் வாயைத் திறக்கக் கூடாது, அது போதும். கையில் சிலேட்டு. பிள்ளைகள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வந்து பார்த்துப் போனார்கள்.

"அவன் வந்தானாம்மா?"

அம்மா எழுதினாள்: 'நீயே கேட்டுக்கோ.'

4

அன்று காலையில் அம்மாவை வீட்டுக்கு அனுப்புவதாக மருத்துவமனையில் இருவரிடமும் சொல்லியிருந்தார்கள். இப்போது மதியம். அலுவலகத்தில், ஓய்வு பெற்றவர்களில் ஒருவருடைய விவரமும் வரவில்லை என்று ஒரே கூச்சல். அக்கா தோண்டிப் பார்த்தாள். அவளுடைய சர்வர் தம்பியுடையதைக் கேட்கிறது. அது திரும்பி இவளுடையதையே கேட்கிறது. சுற்றிச் சுற்றி அலுத்துப்போய்க் கடைசியில் கைவிரிக்கிறது. மெயில் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. போனை எடுத்தாள்.

"ஓய்வு பெற்றவங்க விவரம் உங்ககிட்டதானே சார் இருக்கு?"

"இல்லையே மேடம். நீங்க வெச்சிருக்கீங்கன்னு நெனச்சு, இங்க இருந்ததை அழிச்சுட்டு இணைப்பு போட்டேன்."

"நல்லா இருக்கு போங்க. நானும் அதையேதான் செஞ்சிருக்கேன்."

பழைய நகல் இருக்கிறது, மீட்டுவிடலாம். பேச வேண்டியது முடிந்துவிட்டது. ஆனாலும் இருவரும் போனை வைக்கவில்லை.

"டேய்," என்றாள் அக்கா. "அம்மாவை யாருடா கூட்டிட்டுப் போனாங்க?"

"நீ போயிருப்பேன்னுல்ல அக்கா நெனச்சேன்."

5

முடிவை இரண்டு விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் அக்கா முதலில் போய்ச் சேர்ந்தாள், இன்னொன்றில் தம்பி. இரண்டுமே வம்பு. ஆகவே இரண்டு கார்களையும் ஒன்றாகவே மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இருவரும் ஆளுக்கொரு கதவைத் திறந்து பிடித்திருக்கிறார்கள். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, பையும் சிலேட்டுமாக எழுந்து நிற்கிறாள். எந்தக் காரில் ஏறினாள் என்று நான் எழுதினால் மற்றவர் மறுபடி பேச்சை நிறுத்திவிடுவார், எனக்குத் தெரியாதா இவர்களை. நான் இத்தோடு ஒதுங்கிக்கொள்கிறேன். பாவம், அவளுக்குக் கால் வலிக்கும். தைரியம் இருந்தால் நீங்கள் ஏற்றிவிடுங்கள்.