சாவி கொடுத்த கை

ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர் ஒட்டி, கேமராவுக்கு முன்னால் சோனியாவை இரண்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. மாலையில் டாக்டர் லவினா, அவளையும் அம்மா காந்தாவையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"வலிப்பு வந்தப்போ மூளை அலை நார்மலா இருந்துச்சு. இது எபிலெப்ஸி இல்லம்மா. இவ்வளவு நாளா சாப்பிட்ட மாத்திரை இதுக்குக் கேக்காது."

"அப்போ ஆறு வருஷமா நடிச்சிட்டு இருந்தாளா?"

"நடிப்பு இல்ல. அவ வேணும்னு செய்யல. மனசு தாங்காததை உடம்பு காட்டுது. பேசிப் பேசித்தான் சரியாகும்."

நான்தான் நடிக்கிறேனோ என்று சோனியாவே எத்தனையோ நாள் தன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

டாக்டர் வீடியோவைப் போட்டார். திரையில் சோனியா இட்லி சாப்பிட்டபடி எதற்கோ சிரித்தாள். கதவு திறந்தது. ஃபிளாஸ்க்கோடு அக்கா புருஷன் நாகேஷ் உள்ளே வந்தான். இட்லி நழுவியது. முதுகு வளைந்து கால்கள் உதறின. நாகேஷ் ஓடிவந்து, எப்போதும்போல ஆட்டோ சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி அழுத்திப் பிடித்துக்கொண்டான். இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்பது வீட்டு நம்பிக்கை. உதறல் கூடியது. நர்ஸ் அவனை வெளியே அனுப்பிய பிறகுதான் அடங்கியது.

"இவர் யாரு?"

"பெரிய மாப்பிள்ளை. அவர் வீட்லதான் இருக்கோம்."

"மத்த தடவையும் இவர் பக்கத்துல இருந்தாரா?"

சோனியா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். முன்பு வலிப்பு வந்த சமையலறை, மொட்டை மாடி, அக்காவின் சீமந்தம் என்று ஒவ்வொன்றாக அந்தக் கண்களில் வந்து போயின. இப்போது அம்மா கேட்பாள். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், சொல்லிவிடலாம்.

காந்தா முந்தானையால் வாயைத் துடைத்தாள். "பழைய மாத்திரையே எழுதிக் குடுங்க மேடம்."

"சோனியா, என்கிட்ட தனியா கொஞ்ச நேரம் பேசறியா?"

"இன்னொரு நாள் வர்றோம்." அம்மாவின் பிடி மணிக்கட்டில் இறுகியது.

வெளியே நாகேஷ் ஆட்டோவில் காத்திருந்தான். "என்ன சொன்னாங்க அத்தை?"

"அதே ஃபிட்ஸ்தானாம் மாப்ளே. மாத்திரைய விடக்கூடாதாம்."

"நான் அப்பவே சொல்லல? ரெண்டு நாள் சவாரி வேஸ்ட்." சிரித்தபடி வண்டியைக் கிளப்பினான்.

அடுகோடி சிக்னல் வரும்வரை அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வண்டி நின்றபோது, இடுப்பிலிருந்து பீரோ சாவியை உருவிச் சோனியாவின் மடியில் வைத்தாள். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இத நீயே வெச்சுக்கோ," என்றாள், எஞ்சின் சத்தத்தில் அமுங்கும் குரலில். "இனிமே யாரும் உன் கையப் பிடிக்க வேணாம்."

சோனியா சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அம்மா திரும்பி ஒரு வார்த்தை கேட்பாளா என்று பார்த்தாள். விரல்கள் சாவியின்மேல் மூடவில்லை.