ஏற்றத்தில் மட்டும் கேட்ட சத்தம்

மாட்டு டாக்டரின் குட்டி ஜீப்பில் ஒரு சத்தம் குடியேறியிருந்தது. காலையில் வண்டியை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஏற்றும்போது ‘டிக்டிக்டிக்’ என்று ஆரம்பிக்கும். துணி வைக்காமல் தையல் மிஷினை ஓட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. மேடு செங்குத்தாக ஆக, சத்தமும் சூடு பிடிக்கும். முதல் பண்ணையின் வேலி கண்ணில் படுகிற நேரத்தில், யாரோ வாயைப் பொத்தியதுபோல நின்றுவிடும். அதற்குப் பிறகு நாள் முழுக்கச் சேற்றிலும் பாறையிலும் உருட்டினாலும் வண்டி வாயே திறக்காது.

மலைச்சரிவில் இருந்த பண்ணைகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதான் டாக்டர். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற அந்தச் சின்ன வண்டி இல்லையென்றால் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி. அவள் கணவரோ பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாழ்நாளில் ஒரு பானெட்டைத் திறந்து பார்த்தவரில்லை என்றாலும், தீர்ப்புச் சொல்வதில் மட்டும் குறை வைக்கமாட்டார்.

“இன்ஜின் போச்சு,” என்றார், சட்டைக்குப் பட்டன் போட்டபடியே. “பேசாம இத வித்துட்டு, ஏசி வச்ச நல்ல காரா ஒண்ணு பாப்போம்.”

“உங்க ஏசி கார் பாறை மேல ஏறுமா?”

“மாட்டக் கீழ கொண்டு வரச் சொல்லேன்.”

“கன்னு போடப் போற மாட்டையா? நீங்க போய்க் கையப் புடிச்சு மெதுவா கூட்டிட்டு வாங்க. நான் இங்கயே காத்திருக்கேன்.”

வாத்தியார் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். ஆனால் ‘விற்றுவிடலாம்’ என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று மத்தியானமே வண்டியை நட்டுவிடம் கொண்டுபோனாள்.

நட்டு வேறு யாருமில்லை, வாத்தியாரின் கூடப்பிறந்த தங்கைதான். குழந்தையாக இருந்தபோது சைக்கிளிலிருந்து கழன்று விழுந்த நட்டு ஒன்றை மிட்டாய் மாதிரி விழுங்கிவிட்டு, வீட்டையே கதிகலங்க வைத்தவள். நட்டு வெளியே வந்துவிட்டது; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வளர்ந்ததும் அவளே கடைத்தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்து, பெயருக்கு ஒரு மரியாதையையும் தேடிக்கொடுத்துவிட்டாள்.

நட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாள். ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். எஞ்சின் பால் குடித்த பூனைபோல உறுமிக்கொண்டிருந்தது.

“சத்தமே இல்லையே அண்ணி.”

“காலைல இருந்துச்சு நட்டு. நெசமா.”

சரி என்று நட்டு ஆயிலை மாற்றினாள், எஞ்சின் மேல்மூடிக்குள் தட்டுகிற டேப்பெட்டைச் சரிபார்த்தாள். மறுநாள் காலையில் மேட்டில் ஏறும்போது பழையபடி ‘டிக்டிக்டிக்’. மறுபடி ஒர்க்‌ஷாப். மறுபடி பூனை. அதற்கடுத்த முறை போனபோது அங்கே லாரிக்காரர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நட்டு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“அண்ணி, சத்தம் வண்டில வருதா, இல்ல உங்க காதுல வருதா?”

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நட்டுவும் சிரித்தாள். டாக்டரும் ஒப்புக்குச் சிரித்துவைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது. நட்டு விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று தெரியும். தெரிந்தும் நெஞ்சில் முள் மாதிரி ஏதோ நின்றது. மாட்டின் வயிற்றுக்குள் கன்று புரளுவதைக் கை வைத்தே சொல்லிவிடுகிற தனக்கு, சொந்த வண்டியில் கேட்பது சத்தமா பிரமையா என்றா தெரியாது? அன்றிரவு நட்டு போன் செய்தபோது, “கை வேலையா இருக்கேன்” என்று வைத்துவிட்டாள். கையில் ஒரு வேலையும் இல்லை.

அந்த வாரமே ஒருவர் தன் கிழட்டுப் பசுவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்தார். காலையில் எழுந்திருக்கும்போது நொண்டுகிறதாம். டாக்டர் பசுவை வாசலில் இப்படியும் அப்படியும் நடக்கவிட்டுப் பார்த்தாள். ராணி மாதிரி நடந்தது.

“சத்தியமா நொண்டுச்சு டாக்டரம்மா,” என்றார் மனிதர், அழாத குறையாக. “நீங்க என்னை நம்பல.”

“யார் சொன்னா நம்பலன்னு? இவ்வளவு தூரம் நடந்து வந்ததுல மூட்டு சூடாகி இளகியிருக்கும். நாளைக்கு அது எந்திரிக்கறதுக்கு முன்னாடி நானே உங்க கொட்டகைக்கு வரேன். அப்பப் பாத்தாதான்…”

சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மனிதர் பயந்துபோய்ப் பசுவைப் பார்த்தார். பசுவுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர்தான் உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

“நட்டு! நான் உன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்றதுக்குள்ள வண்டி சூடாயிடுது. அதான் உனக்குக் கேக்கவே இல்ல. நீ காலைல வீட்டுக்கு வா. அது கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி வா.”

மறுமுனையில் ஸ்பேனர் ஒன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

“இது எனக்குத் தோணியிருக்கணும் அண்ணி,” என்றாள் நட்டு.

சொன்ன மாதிரியே, வெளிச்சம் வந்தும் வராததுமாக நட்டு கருவிப் பையோடு வந்து நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாத்தியார் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தவர், “நானும் வரேன், இன்ஜின் போச்சுன்னு மொதல்ல சொன்னதே நான்தான்” என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

டாக்டர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டு, மேட்டில் வண்டியைத் திருப்பினாள். பாதி ஏறவில்லை, வந்துவிட்டது. டிக். டிக்டிக். டிக்டிக்டிக்டிக்.

நட்டு டாக்டரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கேக்குது அண்ணி! கேக்குது!”

டாக்டருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. வண்டியில் கோளாறு என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

“கேஸ்கெட்டு,” என்றார் வாத்தியார் நுரையோடு. அவர் எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

சமதளம் வந்ததும் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தார்கள். நட்டு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல்மூடியில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டாள். “மேல ஒண்ணும் இல்ல. வேற எங்கயோ சீறுது. ஒரு நீள டியூப் கெடச்சா நல்லாருக்கும்.”

டாக்டர் மருந்துப் பெட்டியிலிருந்து மாட்டின் வயிற்றுக்கு மருந்து ஊற்றுகிற ரப்பர் குழாயை எடுத்து நீட்டினாள்.

“கழுவினதுதானே?”

“கழுவிதான் வச்சிருக்கேன். புடி.”

நட்டு ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை எஞ்சினைச் சுற்றி நகர்த்தினாள். எரிந்த புகையை வெளியே கொண்டுபோகிற இரும்புக் குழாய், எஞ்சினோடு சேருகிற கடைசி இடத்துக்கு வந்ததும் துள்ளிக் குதித்துக் காதைத் தேய்த்தாள். “நீங்க கேளுங்க.” டாக்டர் கேட்டாள். புஸ், புஸ், புஸ் என்று காதுக்குள் ஊதியது. நட்டு டார்ச் அடித்தாள். அங்கே மை தீட்டியதுபோலக் கரி படிந்திருந்தது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த துண்டுதான் நின்றது.

“குளிர்ந்திருக்கறப்ப இந்த இடுக்கு தெறந்திருக்கு, புகை அடிச்சு டிக்டிக்குங்குது. சூடானதும் இரும்பு விரிஞ்சு தானே அடச்சுக்குது. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு அண்ணி. போல்ட்ட மாத்தி, நடுவுல அடைப்புக்கு இருக்கற கேஸ்கெட்டையும் புதுசா போட்டா முடிஞ்சுது.”

“கேஸ்கெட்டு!” என்றார் வாத்தியார். அவரையே அவரால் நம்ப முடியவில்லை.

டாக்டர் சிரித்துவிட்டாள். நட்டு மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணி, காலைல தலை வலிக்குதா உங்களுக்கு?”

“வலிக்கும். சாப்பிடாம கெளம்பறேன்ல, அதனாலன்னு நெனச்சேன்.”

“மழ ஆரம்பிச்சதுல இருந்துதானே? கண்ணாடிய மூடிட்டு ஹீட்டர் போடறதுல இருந்து?” நட்டுவின் குரல் இறங்கிவிட்டது. “அந்தப் புகைதான் உள்ள வந்திருக்கு. இன்னும் பெரிசா தெறந்திருந்தா, நீங்க பாட்டுக்கு மயங்கிப் போயிருப்பீங்க. நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களக் கிண்டல் பண்ணினேன் பாருங்க… என்ன சொல்றதுன்னே தெரியல.”

வாத்தியார் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? நீ வந்துட்டல்ல,” என்றாள் டாக்டர். அந்த முள் எங்கே போனதென்று தேடினாலும் கிடைக்கவில்லை.

அதற்குள் போன் அடித்தது. மேட்டுப் பண்ணைக்காரம்மா. கன்று பாதியில் சிக்கிக்கொண்டதாம். டாக்டர் நட்டுவைப் பார்த்தாள்.

“வண்டி சூடாயிடுச்சு, போகலாம். ஆனா ஹீட்டர் கூடாது, எல்லாக் கண்ணாடியும் எறங்கியிருக்கணும்,” என்றாள் நட்டு.

தூறல் உள்ளே அடிக்க அடிக்க மூன்று பேரும் நனைந்துகொண்டே மலையேறினார்கள். கொட்டகையில் பசு படுத்துக்கிடந்தது. கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. டாக்டர் தோள்வரை கையை விட்டு, கன்றை மெல்ல உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையில் பொத்திக் காலை நேராக்கினாள். பிறகு கயிற்றின் முனையை நட்டுவிடம் கொடுத்தாள்.

“அது முக்கும்போது மட்டும் இழு. நட்டக் கழட்டற மாதிரி வெடுக்குனு இழுத்துடாத.”

“முக்குது அண்ணி!”

“இப்போ!”

வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது கன்று. டாக்டர் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்தாள். ஒரு தும்மல். காது ஆடியது. நட்டு பிசுபிசுத்த கைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள், வாயெல்லாம் பல். ஆயிலைவிட இந்தப் பிசுக்கு மோசம் என்றாள், ஆனால் கையைக் கழுவ எழுந்திருக்கவில்லை. வாத்தியார் கொட்டகைக்கு வெளியே மழைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எல்லாம் முடிந்துவிட்டதா என்று விசாரித்தார்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று வாத்தியாரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நேராக ஒர்க்‌ஷாப் போனார்கள். உடைந்த துண்டு லேசில் வரவில்லை. நட்டு அதைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, திட்டி, கெஞ்சி, மத்தியானம்தான் வெளியே எடுத்தாள். டாக்டர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

மறுநாள் காலை கணவர் குடையோடு வந்து முன்சீட்டில் ஏறினார். பள்ளிக்கு அது வழியே இல்லை.

“எதுக்கு?”

“சும்மா. மேடு வரைக்கும்.”

வண்டி ஏறியது. வண்டியின் தார்ப்பாய்க் கூரைமேல் மழை விழுகிற சத்தம், பின்னால் மருந்துப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். வேறொன்றும் இல்லை. உச்சியில் அவர் இறங்கிக்கொண்டார்.

“மெதுவா போ,” என்றார்.

“நீங்க நனையாம போங்க,” என்றாள் அவள். அவர் குடையை விரித்துக்கொண்டு சரிவில் இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினாள். தலைவலி துளியும் இல்லை. நல்ல பசி மட்டும் இருந்தது.