தேன்சிட்டுக்காக நான் பேசியது

மாலை வகுப்பின் சனிக்கிழமை விவாதத்தில் இதுவரை வாய் திறக்காதவன் நான் ஒருவன்தான். இந்த வாரமும் எழுந்து பேசாவிட்டால் கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவதாகத் தேவஇரக்கம் சார் சொல்லிவிட்டார். அங்கே என் தம்பி படிக்கிறான்.

தலைப்பு, ‘உயர்ந்தது செம்பருந்தா, தேன்சிட்டா?’ பருந்துக்காகப் பேசுகிறவன் காயல்பட்டினத்து வாவு. சிட்டுக்கு நான்.

முறையாகத் தயாரித்தேன். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போகும் வழியில், முருங்கைப் பூவில் தேன் குடிக்கும் சிட்டை நின்று பார்த்தேன். கட்டைவிரல் அளவுதான், பாட்டு தெருமுனை வரை கேட்டது. மீன் காயப்போடும் கரைக்கும் போனேன். பருந்து ஒன்று நெத்திலியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாப் பருந்தையும் திருடன் என்று சொல்லலாமா என்று சந்தேகமாக இருந்தது. சொல்வதென்றே முடிவு செய்தேன்.

யுத்தத்தால் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே, கடலைப் பார்த்த முற்றத்தில் வகுப்பு நடந்தது. வாவு முதலில் பேசினான்.

“கரை கிட்ட வந்துட்டுன்னு தோணிக்காரனுக்குச் சொல்லுதது பருந்து. சிட்டு என்ன சொல்லும்? முருங்கை பூத்துட்டுன்னு சொல்லும்!”

கைதட்டல். என் முறை வந்தது. எழுந்தேன், குரல் வந்துவிட்டது.

“பருந்துக்குப் பாட்டு உண்டா? பசிச்ச பூனைக்குட்டி மாதிரிக் கத்தும். அடுத்தவன் காயப்போட்ட மீனைத் திருடும். அதுக்குப் போய் மரியாதை கொடுக்கிறவன் மடையன்!” என்று கையை உயர்த்தினேன்.

அப்போது தலைக்கு மேலே, எங்கள் வீட்டில் கருடன் என்று கும்பிடும் வெள்ளைக் கழுத்துச் செம்பருந்து ஒன்று வட்டமிட்டது. உயர்த்திய கை தானாகக் கன்னத்துக்கு வந்தது. மறு கையும் வந்தது. “கிருஷ்ணா, கிருஷ்ணா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வகுப்பே சிரித்தது.

“சார், இவன் கன்னமே என் கட்சிக்கு வந்துட்டு!” என்றான் வாவு.

பின்வரிசை ஆவுடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது.

“ஏலே வாவு, சிரிக்காத! கும்பிடாட்டா குத்தமாயிருமோன்னு பயந்துல்லா கும்பிட்டேன். சிட்டைப் பார்த்து எவனாவது பயப்படுதானா? பயமில்லாம நின்னு பாட்டைக் கேக்கான். எது ஒசத்தி?”

அதன்பின் என்னென்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. சார் எழுந்து வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“ஜெயிச்சது வாவுதான். ஆனா இம்புட்டுப் பேசுனவனை நான் கீழ அனுப்ப முடியாது. அடுத்த தடவை கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பேசுடே,” என்றார்.

வீட்டில் அப்படி நின்று பேசிப் பார்த்தேன். குரல் வரவில்லை.