தைக்கிறவளின் கை

...முதலில் தோன்றியது படத்தைத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்றுதான், அதை நினைத்தால்தான் இப்போது வெட்கம் பிடுங்கித் தின்கிறது, ஒரு ஓவியத்தைத் தலைகீழாக வேண்டுமானால் மாட்டலாம், இடம் வலமாக எப்படி மாட்ட முடியும், ஆனால் காலையில் அருங்காட்சியகக் கிடங்கில் ஊழியர் ஓவியங்கள் மாட்டிய அந்தக் கம்பிவலைச் சட்டத்தைத் தண்டவாளத்தில் இழுத்து வெளியே நிறுத்தியபோது அவள் வாயில் வந்தது "இது வேற படம்ங்க" என்பதுதான். ஊழியர் எண்ணைச் சரிபார்த்தார். "இதேதாங்க. ஜன்னலோரம் தைக்கிற பொம்பளை. எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார். ஜன்னல் இருந்தது, நாற்காலி இருந்தது, மடியில் வெள்ளைத் துணி, குனிந்த கழுத்து, எல்லாம் இருந்தன, ஆனால் ஜன்னல் அந்தப் பக்கம், ஊசி இந்தக் கையில்... வலது கையில். ஊர் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் எந்தக் கையால் தைப்பார்களோ அந்தக் கையில். அவள் ஒரு வருஷமாக எழுதி, அடித்து, திருத்தி, மறுபடி எழுதிய ஆய்வு முன்வரைவின் தலைப்போ 'இடது கையால் தைக்கும் பெண்'. போதாக்குறைக்கு இரண்டாம் பக்கத்திலேயே 'ஓவியத்தை நேரில் காணும்போது' என்று ஒரு வாக்கியம் வேறு, நேரில் காணும் முன்பே எழுதி வைத்தது, எப்படியும் பார்க்கத்தானே போகிறோம், நேரம் மிச்சமாகட்டும் என்று.

நேரம் மிச்சம் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதோ, பேராசிரியையின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போதுகூடக் கை தானாகப் பைக்குள் போய் அந்த அயல்மொழி இலக்கணப் புத்தகத்தைத் தேடுகிறது, கலை வரலாற்றில் முதுகலை என்றால் இன்னொரு மொழியில் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டுமாம், அந்தத் தேர்வையும் இந்த வருஷத்திலேயே முடித்துவிடத் திட்டம். எல்லாமே திட்டம்தான். இளங்கலையின் கடைசி வருஷத்திலேயே முதுகலைப் பாடங்களில் பாதியை எடுத்துவிட்டால் இரண்டு வருஷப் படிப்பு ஒரே வருஷத்தில் முடிந்துவிடும், துரிதப் படிப்பு என்று பெயர், தபால் மாதிரி. அதில் சேர ஆய்வுத் தலைப்பும் வழிகாட்டியின் கையெழுத்தும் வேண்டும், இன்றைக்குள் வேண்டும். சமையலறைச் சுவரில் அவள் ஒட்டிய அட்டவணையில் பச்சை என்றால் வகுப்பு, நீலம் என்றால் ஆஸ்பத்திரி டியூட்டி, மஞ்சள் என்றால் தூக்கம். மகள் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மஞ்சளைக் காணோமேம்மா" என்றாள். இருக்கிறது, ஓரத்தில் இருக்கிறது, குனிந்து பார்த்தால் தெரியும்... உள்ளே யாரோ ஒரு பையன் தன் மதிப்பெண்ணுக்காக மன்றாடிக்கொண்டிருக்கிறான், நன்றாக மன்றாடட்டும், அவசரமே இல்லை.

இடது வலது என்பதுதான் அவள் தொழிலே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எக்ஸ்ரே அறையில் ஒருவர் வந்து படுத்தால் முதல் கேள்வி 'எந்தப் பக்கம்?', அவர் சொன்னாலும் நம்பாமல் தொட்டுக் கேட்டு, இடமா வலமா என்று காட்ட ஈயத்தில் செய்த சின்ன எழுத்தைப் பக்கத்தில் வைத்து, அப்புறம்தான் பட்டன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், படத்தில் இதயம் நோயாளியின் வலப்பக்கம் தெரிந்தால் ஆளைச் சந்தேகப்படாதே, முதலில் ஃபிலிமைத் திருப்பிப் பார் என்று. சொன்ன வாய்க்கு என்ன ஆயிற்று? வகுப்பில் காட்டும் பழைய சிலைடுகளின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும், அதைக் கட்டைவிரலால் பிடித்து உள்ளே தள்ளினால் படம் சரியாக விழும், என்றைக்கோ யாரோ பொட்டை முதுகுப் பக்கம் ஒட்டியிருக்கிறார்கள், அதை நம்பிக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. படத்தில் ஓவியன் கையெழுத்து ஒன்று இருந்திருந்தாலும் எழுத்து திரும்பிக் காட்டிக்கொடுத்திருக்கும், பெயர் தெரியாத மகராசன் அதையும் போடவில்லை. ஆனால் ஓவியனைச் சொல்லி என்ன, பொட்டைச் சொல்லி என்ன, மாலை வகுப்பில் விளக்கை அணைத்து அந்தப் படம் திரையில் விழுந்தபோது அவளுக்கு நம்ம ஆள் என்று தோன்றியது. இடது கைக்காரியான அவளுக்கு ஆஸ்பத்திரியில் நொட்டாங்கை என்றுதான் பெயர், பெரிய டாக்டரே "நொட்டாங்கை டியூட்டியில இருக்காங்களா, அப்ப படம் சரியா இருக்கும்" என்பார். நம்ம ஆள் என்று தெரிந்த பிறகு யாராவது திருப்பிப் பார்ப்பார்களா?

சொல்லாமலே விட்டுவிட்டால்... விட்டுவிட்டால் என்ன? கிடங்கில் இருக்கும் படத்தை யார் தேடிப் போகிறார்கள்? அந்த ஊழியருக்கு எந்தக் கை என்றெல்லாம் கவலை கிடையாது. பேராசிரியையே பல வருஷங்களாக அந்தச் சிலைடை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார், முன்வரைவைப் படித்துவிட்டு, "நீங்க சொன்னப்புறம்தான் நான் அந்தக் கையையே பார்த்தேன்" என்று வாய் நிறையப் பாராட்டியவர், அவரிடம் போய், மேடம், நீங்கள் இத்தனை நாளும் கண்ணாடிப் பிம்பத்தைக் காட்டியிருக்கிறீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொன்னால் தலைப்பு போச்சு, தலைப்பு போனால் துரிதப் படிப்பு போச்சு, அப்புறம் எல்லோரையும் போல இரண்டு வருஷம், ஊர்ந்து ஊர்ந்து. வீட்டுக்காக என்றுதானே இந்த ஓட்டம், மகள் கல்லூரிக்குப் போகிறாள், கணவர் லிப்ட் ரிப்பேருக்கு அலைந்துவிட்டு வந்து தானே பாத்திரம் கழுவுகிறார், எத்தனை நாள் அவர்கள் பொறுப்பார்கள்... ஆனால் அவர் சொன்னது வேறு. அட்டவணையின் முன்னால் ஈரக் கையோடு நின்று, "ரெண்டு வருஷமே படியேன். யாரு துரத்துறா?" என்றார். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உங்களுக்கென்ன தெரியும் என்று கத்தினாள், அவர் வழக்கம்போலத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் எதையும் இரண்டாவது தடவை சொல்கிற மனிதர் இல்லை, அவள் ஆசை ஆசையாக வாங்கித் தொடாமல் விட்ட கீபோர்டைப் பரணில் ஏற்றும்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீச்சல் கண்ணாடியும் அங்கேதான் இருக்கிறது, கேக் செய்யும் தட்டுகளும் அங்கேதான்.

பையன் வெளியே வந்தான், முகத்தைப் பார்த்தால் மன்றாடல் பலித்த மாதிரி தெரியவில்லை. "வாங்க வாங்க" என்று பேராசிரியை உள்ளே இருந்தே கூப்பிட்டார், பேனா மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார், "கையெழுத்து எங்க போடணும், காட்டுங்க." அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பையைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதற்கு எத்தனையோ முன்னுரை யோசித்து வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை.

"மேடம், சிலைடு திரும்பியிருக்கு. தைக்கிறவ வலது கைக்காரி. காலையில நேர்லயே பார்த்துட்டேன்."

பேராசிரியை நாற்காலியைத் திருப்பினார். கம்ப்யூட்டரில் படத்தைத் தேடி எடுத்தார், எங்கேயோ ஒரு பட்டனை அமுக்கினார், ஜன்னல் சட்டென்று அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. அவ்வளவு சுலபம். "எத்தனை வகுப்புக்கு இவளை இப்படி உட்கார வச்சிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு குரலை இறக்கி, "ஒண்ணு செய்யலாம். நான் இப்பக் கையெழுத்துப் போட்டுடறேன், கொடுத்துடுங்க. தலைப்பை அப்புறம் மாத்திக்கலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இல்லேன்னா ரெண்டு வருஷம்தான், யோசிச்சுக்குங்க" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது, தலையை ஆட்டினால் போதும், சுவர் அட்டவணை அப்படியே இருக்கும், பச்சை பச்சையாக, நீலம் நீலமாக... யாரு துரத்துறா? அந்த ஈரக் கையும் அந்தக் கேள்வியும் ஏன் இப்போது வர வேண்டும்? மகள் துரத்தவில்லை, அவர் துரத்தவில்லை, ஆஸ்பத்திரிகூடத் துரத்தவில்லை. பரண்தான் துரத்துகிறது. ஆசை ஆறிப்போவதற்குள் முடித்துவிட வேண்டும், எல்லாமே அவளுக்கு ஒரு வருஷத்தில் ஆறிவிடும், அதனால்தான் ஒரு வருஷப் படிப்பு, அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் கேட்டாரோ, தெரியாமல் கேட்டாரோ, கோபம் வந்ததென்னவோ அதனால்தான்.

"இப்பப் போடாதீங்க மேடம்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பேராசிரியை படத்தை மூடப் போனார். "அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டுமே" என்று கேட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள். வலது கையால் தைக்கிறாள், எல்லோரையும் போல. இடது கை துணிக்கு அடியில் இருக்கிறது, விரல்கள் தெரியவில்லை, ஊசி முனை எங்கே வெளியே வரப்போகிறதோ அங்கே காத்திருக்கிறது, இத்தனை நாளில் அந்தப் பக்கம் அவள் பார்த்ததே இல்லை. நம்ம ஆள் இல்லை இவள். யாரோ ஒருத்தி. இவளை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, பார்ப்போமா... மேசையில் பேனா மூடி இன்னும் தனியாகத்தான் கிடந்தது, அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.